கையால் ஓட்டினால் ஓடும் செயலி, சர்வீஸாகப் போட்டால் ஏன் விழுகிறது?

வாசகர் கேள்வி: அலுவலகச் சரக்கு இருப்பைப் பார்க்க, பைதானில், இணையச் செயலிகள் எழுத உதவும் ஃப்ளாஸ்க் கொண்டு ஒரு சிறிய செயலி எழுதியிருக்கிறேன். தரவெல்லாம் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. உபுண்டு 22.04 சர்வரில் நோஹப் (டெர்மினலை மூடினாலும் நிரலை ஓடவிடும் கட்டளை) போட்டு ஓட்டிவந்தேன். இரவில் மின்சாரம் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் சர்வர் தானாக எழுந்துகொள்கிறது, செயலி எழுவதில்லை. அதனால், சர்வர் எழும்போது நிரல்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சர்வீஸாக மாற்றப் பார்த்தேன். சர்வீஸ் கோப்பில், ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியில் 'பைதான்3 ஆப்.பை' என்று எழுதி, இரட்டை அம்புக்குறி போட்டு வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பியிருக்கிறேன். 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆல்வேஸ்'. யூசராக என் பெயரையே கொடுத்தேன். ஆரம்பித்த உடனே விழுந்துவிடுகிறது. 'ஸ்டேட்டஸ் 2, இன்வேலிட் ஆர்குமென்ட்' என்கிறது. அதே கட்டளையை டெர்மினலில் கொடுத்தால் ஓடுகிறது. எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக ஓட்டினால் சரியாகுமா?

பதில்: ரூட் வேண்டாம். சரியாகாது என்பது மட்டுமில்லை, இன்னொரு பெரிய வம்பைக் கொண்டுவரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 'இன்வேலிட் ஆர்குமென்ட்' என்ற செய்தியை மறந்துவிடுங்கள். உங்கள் நிரல் 2 என்ற எண்ணுடன் வெளியேறியது. சிஸ்டம்டி அந்த எண்ணுக்குப் பழைய லினக்ஸ் சர்வீஸ் வழக்கப்படி ஒரு பெயரைப் பக்கத்தில் ஒட்டியது. அவ்வளவுதான். பைதானைப் பொறுத்தவரை, ஓட்டச் சொன்ன கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் 2 என்றுதான் வெளியேறும். உங்கள் சர்வரில் நடப்பது அதுவே. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை 'மைனஸ் யூ' என்ற குறியோடும் சர்வீஸின் பெயரோடும் கொடுத்துப் பாருங்கள். ஆப்.பை கோப்பை மூலக் கோப்புறையில், அதாவது ஒற்றைச் சாய்கோட்டின் நேர் கீழே, தேடிக் காணவில்லை என்று பைதானே சொல்லியிருக்கும். பலரும் ஸ்டேட்டஸ் திரையின் சிவப்பு வரியோடு நின்றுவிடுகிறார்கள். காரணம் எப்போதும் ஜர்னலில், முதல் முறை விழுந்த இடத்தில் இருக்கும்; கடைசி வரிகளில் 'மிக விரைவாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்பட்டது' என்ற புலம்பல்தான் மிஞ்சும்.

ஏன் மூலக் கோப்புறையில் தேடுகிறது? டெர்மினலில் நீங்கள் கட்டளை கொடுக்கும்போது, சொல்லாமலே பல விஷயங்களைக் கூடவே கொடுத்துவிடுகிறீர்கள். எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள், எந்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு செயலிக்கென்று தனியாக வைக்கும் பைதானும் அதன் மாட்யூல்களும்) செயலில் இருக்கிறது, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் என்னென்ன கடவுச்சொல் ஏற்றிவைத்திருக்கிறீர்கள் என்று எல்லாம். சிஸ்டம்டி இதில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பெயரில் ஓட்டினாலும் நீங்கள் உள்நுழைந்ததாக அதற்குக் கணக்கில்லை. பாஷ்ஆர்சியை யாரும் படிப்பதில்லை. நிற்கும் இடம், வேறு சொல்லாதவரை, மூலக் கோப்புறை. ஆகவே சர்வீஸ் கோப்பு எழுதுவது என்பது, இதுவரை வாய்திறக்காமல் கொடுத்துவந்ததையெல்லாம் எழுத்தில் கொடுப்பது. 'கையால் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை' என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் முடிகின்றன.

உங்கள் எக்ஸெக்ஸ்டார்ட் வரியைப் பிரித்துப் பார்ப்போம். டெர்மினலில் உங்கள் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அந்த வரியைப் படிப்பதில்லை, சிஸ்டம்டி நேரடியாக ஓட்டுகிறது. ஆகவே இரட்டை அம்புக்குறிக்கு அங்கே பொருள் கிடையாது. அம்புக்குறியும் லாக் கோப்பின் பெயரும் உங்கள் நிரலுக்கே இரண்டு உபரி உள்ளீடுகளாகப் போய்ச் சேரும். குழாய்க்குறிக்கும் இரட்டை ஆம்பர்சாண்டுக்கும் இதே கதி. லாக்குக்கு நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, திரையில் அச்சிடுவதையெல்லாம் ஜர்னலே வாங்கிவைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும்: எதிரே டெர்மினல் இல்லாதபோது பைதான் தன் பிரிண்ட் வெளியீட்டைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும். லாக் தாமதமாக வருகிறதே என்று குழம்பாமல் இருக்க, 'பைதான் அன்பஃபர்ட்' என்ற சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து 'பைதான்3' என்ற சொல். இது கணினியின் பொதுப் பைதானைத்தான் பிடிக்கும், உங்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் இருப்பதை அல்ல. ஆப்.பைக்கு முழுப் பாதை கொடுத்து முதல் பிழையைத் தீர்த்த கையோடு, ஃப்ளாஸ்க் என்ற மாட்யூலைக் காணோம் என்று அடுத்த பிழை வந்து நிற்கும். 'ஆக்டிவேட்' கட்டளையைச் சர்வீஸுக்குள் நுழைக்க முயல வேண்டாம். வெர்ச்சுவல் என்விரான்மென்டில் உள்ள 'பின்' (bin) என்ற கோப்புறைக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எழுதினால் போதும். அது தன் மாட்யூல்களைத் தானே கண்டுகொள்ளும்.

இப்போது ரூட் விஷயம். உங்கள் நிரலில் தரவுக் கோப்பின் பெயர் மட்டும், பாதை இல்லாமல் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். சின்னச் செயலிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆப்.பைக்கு முழுப் பாதை கொடுத்து, ரூட்டாக ஓட்டி, நிற்கும் கோப்புறையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? எஸ்கியூலைட் அந்தப் பெயரை மூலக் கோப்புறையில் தேடும். இல்லையென்றால் பிழை சொல்லாது, அதே பெயரில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிவிடும், ரூட்டுக்குத்தான் எங்கும் எழுத அனுமதி இருக்கிறதே. தொடங்கும்போதே அட்டவணைகளை உருவாக்கும்படி நிரல் எழுதியிருந்தால், சர்வீஸ் பச்சை விளக்கோடு ஓடும். காலையில் கிடங்குக்காரர் திறந்து பார்த்தால் சரக்கு இருப்பு பூஜ்யம். சாதாரணப் பயனராக இருந்தால் எழுத அனுமதியில்லை என்று அங்கேயே விழுந்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். சர்வீஸ் விழுவதைவிடத் தவறான இடத்தில் ஓடுவது மோசம் என்பது என் கட்சி.

ஆகவே செய்ய வேண்டியது: உள்நுழைய முடியாத ஒரு தனிப் பயனரை உருவாக்கி, 'யூசர்' வரியில் அந்தப் பெயரைக் கொடுங்கள். செயலியை உங்கள் ஹோம் கோப்புறையிலிருந்து 'ஆப்ட்' கோப்புறைக்குக் கீழே மாற்றுங்கள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளுக்குள் பிற பயனர்கள் நுழைய முடியாது. மாற்றாமல் விட்டால் 'ஸ்டேட்டஸ் 200' அல்லது 'ஸ்டேட்டஸ் 203' வரும். முதலாவது கோப்புறைக்குள் போக முடியவில்லை என்பது, இரண்டாவது ஓட்டச் சொன்ன கோப்பை ஓட்ட முடியவில்லை என்பது. வெர்ச்சுவல் என்விரான்மென்டை மட்டும் அப்படியே நகர்த்த வேண்டாம். அதனுள் இருக்கும் பல ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில் பழைய முழுப் பாதை பதிந்திருக்கும். புதிய இடத்தில் புதிதாக உருவாக்கி, மாட்யூல்களை மீண்டும் நிறுவுவதே சுலபம். 'வொர்க்கிங்டைரக்டரி' வரியில் புதிய கோப்புறையைக் குறிப்பிடுங்கள். தரவுக் கோப்புக்கு மட்டுமல்லாமல், அது இருக்கும் கோப்புறைக்கும் அந்தப் பயனருக்கு எழுதும் அனுமதி வேண்டும். எஸ்கியூலைட் பக்கத்திலேயே தற்காலிகக் கோப்புகளை உருவாக்கிக்கொள்ளும் வழக்கமுள்ளது.

கடவுச்சொற்கள் இருந்தால் தனிக் கோப்பில் எழுதி 'என்விரான்மென்ட்ஃபைல்' வரியில் அதன் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 600 என்ற அனுமதியோடு, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிறபடி, இருக்கலாம். பயனரை மாற்றும் முன்பே சிஸ்டம்டி அதைப் படித்துவிடும். சர்வீஸ் கோப்பிலேயே 'என்விரான்மென்ட்' என்று கடவுச்சொல்லை எழுதினால், சர்வரில் உள்ள எந்தப் பயனரும் 'சிஸ்டம்சிடிஎல் ஷோ' கொடுத்துப் பார்த்துவிடலாம். கூடவே இன்னொரு பொறியும் உண்டு. சர்வீஸ் கோப்பில் சதவீதக்குறிக்குத் தனிப் பொருள் இருப்பதால், கடவுச்சொல்லில் அது இருந்தால் கடவுச்சொல்லே மாறிப்போகும்.

'ரீஸ்டார்ட்' வரியைப் பற்றி. 'ஆல்வேஸ்' தவறில்லை, ஆனால் நான் 'ஆன்-ஃபெயிலியர்' என்றே வைப்பேன். நிரல் ஒழுங்காக முடித்துக்கொண்டு வெளியேறினால் அதை மறுபடி இழுத்துவர அவசியமில்லை. முக்கியம் எதுவென்றால், எவ்வளவு நேரம் கழித்து என்பது. ஒன்றும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிவினாடியில் மறுபடி தொடங்கும். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். உங்கள் சர்வீஸ் சில நொடிகளில் 'ஃபெயில்டு' ஆவது இதனால்தான். 'ரீஸ்டார்ட்செக்' வரியில் 5 என்று கொடுங்கள். கொடுத்தவுடன் ஒரு பக்க விளைவு வரும்: 10 வினாடிக்குள் 5 முறை என்ற எல்லையை இனி தொடவே முடியாது, எனவே உடைந்த நிரலும் முடிவில்லாமல் எழுந்து விழுந்துகொண்டிருக்கும். அதைத் தடுக்க 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்' 300, 'ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட்' 10 என்று வையுங்கள். இந்த இரண்டு வரிகளும் 'யூனிட்' பகுதியில் வர வேண்டும், 'சர்வீஸ்' பகுதியில் அல்ல. குறிப்பு எழுதுவதென்றால் தனி வரியில் எழுதுங்கள்; மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் ஹேஷ் போட்டு எழுதினால் அதுவும் மதிப்பின் பகுதியாகிவிடும்.

தரவுத்தளத்தை வேறொரு கணினியில் வைத்திருப்பவர்கள், 'ஆஃப்டர்' வரியில் 'நெட்வொர்க் டார்கெட்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நெட்வொர்க் இணைந்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்' என்பதை 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் எழுத வேண்டும். அப்போதும், மின்தடைக்குப் பிறகு சுவிட்சும் தரவுத்தளக் கணினியும் உங்கள் சர்வருக்குப் பின்னால் எழலாம். அந்தக் காத்திருப்பை நிரலுக்குள் எழுதிவிடுவதுதான் நம்பகமானது.

நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் 'முடித்துக்கொள்' என்று சொல்லும் 'சிக்டெர்ம்' என்ற சமிக்ஞையை அனுப்பும். 90 வினாடி பொறுத்தும் போகாவிட்டால் வலுக்கட்டாயமாகக் கொல்லும். பைதான் தானாக இந்தச் சமிக்ஞையைக் கவனிப்பதில்லை, அந்த நொடியே செத்துவிடும், பாதி எழுதிய அறிக்கைக் கோப்பு பாதியிலேயே நிற்கும். ஃப்ளாஸ்கின் உள்ளமைந்த சர்வர் சோதனைக்கானது என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதற்குப் பதிலாக, நிஜப் பயன்பாட்டுக்கான குனிகார்ன் என்ற சர்வரை வைத்து ஓட்டினால், கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துக்கொடுத்துவிட்டு நிற்கும். டீபக் முறையையும் அணைத்துவிடுங்கள்.

சர்வீஸ் கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், அதை சிஸ்டம்டி மறுபடி படிக்க 'டீமன்-ரீலோட்' கொடுத்த பிறகே மறுதொடக்கம் செய்யுங்கள். 'ஸ்டார்ட்' இப்போதைக்கு ஓட்டும். சர்வர் எழும்போது ஓட 'எனேபிள்' தனியாக வேண்டும், அதற்கு 'இன்ஸ்டால்' பகுதியில் 'வான்டட்பை' வரியில் 'மல்டி-யூசர் டார்கெட்' இருக்க வேண்டும். பிறகு செயலியை 'கில் மைனஸ் 9' கொடுத்துக் கொன்று பாருங்கள், 5 வினாடி கழித்து எழ வேண்டும். அதுவும் நடந்தால், அலுவலகம் முடிந்த பின் சர்வரை உண்மையிலேயே ரீபூட் செய்து பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பழைய நோஹப் செயலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் செயலி கோரிக்கைகளை வாங்கும் போர்ட்டை (பிணைய வாயில் எண்) அது பிடித்துவைத்திருக்கும். புதிய சர்வீஸ் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று விழும். அதை நிறுத்துங்கள். குறித்த நேரத்தில் ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியலான கிரான்டாபில் 'அட் ரீபூட்' என்று எப்போதாவது ஒரு வரி சேர்த்திருந்தால் அதையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் சர்வர் எழும்போது இரண்டும் போட்டி போட்டு, சில நாட்கள் ஒன்றும் சில நாட்கள் மற்றொன்றும் ஓடும்.