மகசூலும் தாசில்தாரும் ஒரே வேரா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகசூல், தாசில்தார் ஆகிய இரு சொற்களும் ஒரே அரபு வேரில் பிறந்தவை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஹா, ஸாத், லாம் என்னும் மூன்று எழுத்துகளாலான அந்த வேருக்குக் கிடைத்தல், கைக்கு வந்து சேர்தல் என்பது பொருள். அரபியில் வேரெழுத்துகளை ஒரு வாய்பாட்டில் இட்டால் புதுச்சொல் பிறக்கும். 'மஃப்ஊல்' என்னும் செயப்பாட்டு வாய்பாட்டில் இட்டால் 'மஹ்ஸூல்', அதாவது கிடைக்கப்பெற்றது, விளைச்சல். 'தஃப்ஈல்' வாய்பாட்டில் இட்டால் 'தஹ்ஸீல்', அதாவது திரட்டுதல். இந்தத் தஹ்ஸீலோடு 'உடையவர்' என்று பொருள்தரும் 'தார்' என்னும் பாரசீக ஈறு சேர்ந்து, வரி திரட்டும் அதிகாரியைத் தாசில்தார் ஆக்கியது. உழவர் கண்ட மகசூலும் அதன்மேல் வரி தண்ட வந்தவரின் பதவிப் பெயரும் இப்படி ஒரே வேரில் நிற்கின்றன.

கேள்வி: அந்த வேருக்கு இதைவிடப் பழைய பொருள் உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. பழைய அரபு அகராதிகள், சுரங்கக் கல்லிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பதைத் தஹ்ஸீல் என்கின்றன. சுரங்க மண்ணை அலசிப் பொன்னெடுக்கும் பெண்ணுக்கு 'முஹஸ்ஸிலா' என்று பெயர். திருக்குர்ஆனின் 100ஆம் அத்தியாயத்து 10ஆம் வசனம், நெஞ்சங்களில் உள்ளவை வெளிக்கொணரப்படும் நாளைச் சொல்லும்போது 'ஹுஸ்ஸில' என்னும் வினையை ஆள்கிறது. அதைத் 'திரட்டப்படும்' என்று மட்டும் பெயர்த்தால், மண் வேறு பொன் வேறாகப் பிரிக்கப்படும் காட்சி நழுவிவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: வசூல் என்பதும் இதன் கிளைதானே?

பதில்: அன்று. அது வாவ், ஸாத், லாம் என்னும் வேரைச் சேர்ந்த 'வுஸூல்'; சென்று சேர்தல் என்பது அதன் பொருள். வரித்துறையில் இரண்டும் அருகருகே புழங்கியதால் இந்த மயக்கம் வருகிறது.

கேள்வி: நான் மலேசியாவில் வசிக்கிறேன். மலாயில் வருவாய்க்கு 'ஹாசில்' என்கிறோம். அதுவும் இதுதானா?

பதில்: அதுவேதான். 'ஃபாஇல்' வாய்பாட்டில் அமைந்த 'ஹாஸில்', கிடைத்தது என்று பொருள்படும். மலாயில் விளைச்சலுக்கும் வருவாய்க்கும் அச்சொல்லே வழங்குகிறது. அரபியில் 'தஹ்ஸீலுல் ஹாஸில்' என்றொரு தொடரும் உண்டு. முன்பே கைக்கு வந்ததை மீண்டும் பெற முயலுதல் என்பது நேர்ப்பொருள். நம் இலக்கண நூலார் குற்றமாக எண்ணிய 'கூறியது கூறல்' அதற்கு மிக நெருங்கி வரும்.