பழைய ஸ்ப்ளெண்டரின் சைலன்சர் நட்டைக் கழற்றுவது எப்படி?

பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரில், எஞ்சினோடு சைலன்சர் சேரும் இடத்து நட்டு துருவேறி அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே நட்டைவிட அது ஏறியிருக்கும் ஸ்டட்டு என்ற மரையிட்ட தண்டைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அந்த ஸ்டட்டு, எஞ்சின் சிலிண்டரை மூடும் அலுமினிய ஹெட்டுக்குள் மரையிடப்பட்டிருப்பதால், முறிந்துபோனால் செலவும் வேலையும் பன்மடங்காகும்.

இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரையின் இடைவெளி முழுவதும் இறுகிவிடுகிறது. ஆகவே முதலில் கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இந்தப் பொறுமைக்கு ஈடான கருவி எதுவுமில்லை. மறுநாள் சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்டிவிட்டு, ஆறுமுனை பாக்ஸ் ஸ்பானரை முழுமையாகப் பொருத்தி, முதலில் இம்மியளவு இறுக்கும் திசையிலும் பிறகு கழற்றும் திசையிலுமாக மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். வாய் திறந்த ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஸ்பானர் ரப்பர்போல நெகிழ்ந்து திரும்புவதாக உணர்ந்தால், ஸ்டட்டு முறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணெய் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், நட்டைப் பக்கவாட்டில் அறுத்துப் பிளந்து, ஸ்டட்டைக் காப்பாற்றுவதே நல்லது.