விதவைக்கு வாரம் ஒரு டாலர்

அன்புள்ள ஐயா,
ப்னை ப்ரித் என்ற யூத அமைப்பு ஃப்ரீமேசன்களைப் போன்ற ரகசியச் சங்கம் என்று படித்தேன். ஹஷோமெர் ஹட்சாயிர், பெத்தார் போன்ற இளைஞர் இயக்கங்களும் அதன் கிளைகள்தானா?
வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சடங்கு, ரகசியச் சொல், தோளில் பட்டை எல்லாம் இருந்தது உண்மைதான். 1843 அக்டோபர் 13 அன்று நியூயார்க்கின் எஸ்ஸெக்ஸ் தெருவில் ஒரு மதுக்கடையில் கூடிய 12 ஜெர்மன் யூதர்கள், அன்றைய அமெரிக்க லாட்ஜுகளின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். (லாட்ஜ் என்றதும் நமக்கு அறை வாடகை நினைவுக்கு வரும். இங்கே அது சங்கத்தின் கிளை.) ஆனால் முதலில் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். உறுப்பினர் இறந்தால் ஈமச் செலவுக்கு 30 டாலர். விதவைக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு டாலர். பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பையன்களுக்கு ஒரு கைத்தொழில். சதிகாரர்கள் இந்தக் கணக்கெல்லாம் எழுதி வைப்பதில்லை.

1880களுக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இதையே ஊர்வாரியாகச் செய்தார்கள். ஒரே ஊர்க்காரர்களின் சங்கத்துக்கு, அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் என்று பெயர். சேருமுன் சங்க மருத்துவர் உடலைச் சோதிப்பார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று சம்பளம். நோயில் படுத்தால் வாராந்திரப் படி கிடைக்கும். ஆறுதல் சொல்லவும், நோய் உண்மைதானா என்று பார்க்கவும் ஒரு குழு வீட்டுக்கு வரும். எல்லாவற்றிலும் பெரிய சொத்து மொத்தமாக வாங்கிப்போட்ட கல்லறை நிலம். நியூயார்க்கின் குவீன்ஸ், புரூக்ளின் பகுதி யூத இடுகாடுகளில் போலந்து, உக்ரைன் ஊர்ப்பெயர் பொறித்த வாயில்களை இன்றும் பார்க்கலாம்.

இவை சரிந்ததற்கு ஊழலைவிட எளிய காரணம் உண்டு: வயது. பல சங்கங்கள் 25 வயதுக்காரரிடமும் 60 வயதுக்காரரிடமும் ஒரே தொகையை வசூலித்தன. ஓர் உதாரணக் கணக்கு: 200 பேர், ஆண்டுக்கு 2 சாவு, ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் என்றால் தலைக்கு 5 டாலர். அதே கூட்டம் கிழடாகி 150 பேராகச் சுருங்கி, ஆண்டுக்கு 8 சாவு விழுந்தால் தலைக்கு ஏறக்குறைய 27 டாலர். இதைப் பார்த்த இளைஞன் சேரமாட்டான். அவன் சேராததால் வசூல் இன்னும் ஏறும். 1924இன் குடியேற்றச் சட்டம் புது ஆள் வரவையும் அடைத்துவிட்டது. கடைசி நிர்வாகியும் இறந்த பிறகு, சங்க நிலத்தில் அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டில் கையெழுத்திடவே ஆளில்லை. நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறையின் கலைப்புப் பிரிவு அந்த வேலையை ஏற்க வேண்டிவந்தது. அங்கே சேர்ந்த பழைய நோட்டுகளில் நிறைய இப்போது யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

இனி இளைஞர்கள். ப்னை ப்ரித்தின் உண்மையான வாரிசு ஆலெஃப் ட்ஸாதிக் ஆலெஃப் என்ற பையன்கள் சங்கம். 1924இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் தோன்றியது. அடுத்த ஆண்டே தாய்ச்சங்கம் தத்தெடுத்தது. யூத மாணவர்களைச் சேர்க்காத, கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த அமெரிக்க மாணவர் சங்கங்களுக்குப் பதிலாக எபிரேய எழுத்துகளில் பெயர். கிளைத் தலைவருக்கு 'ஆலெஃப் கதோல்' என்று பட்டம். அப்பாவின் லாட்ஜ், மகன் அளவுக்குத் தைத்தது.

நீங்கள் சொல்லும் மற்ற இரண்டும் வேறு வம்சம். ஹஷோமெர் ஹட்சாயிர் (சுருக்கமாக ஹஷோமெர்) 1913இல், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியாவில் பிறந்தது. பேடன் பவலின் சாரணர் முறையும், காடுமலை அலைந்த ஜெர்மன் இளைஞர்களின் பழக்கமும் கலந்தது. பெத்தார் 1923இல் லாட்வியாவின் ரீகாவில், பாலஸ்தீனத்தில் யூத நாடு கேட்ட வலதுசாரித் தலைவர் ஜபோட்டின்ஸ்கியின் வழியில், சீருடையும் அணிவகுப்புமாக எழுந்தது. அரசியலில் இரண்டும் எதிரிகள். ஆனாலும் இரண்டுமே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பத் தயார்செய்தன. ஹஷோமெரில் கிளைக்குப் பெயர் 'கென்', அதாவது கூடு. அதற்குள் சிறு குழுக்கள். வழிகாட்டி அவர்களைவிடச் சில வயதே மூத்தவர். அடுத்த படி ஹக்ஷாரா என்ற பண்ணைப் பயிற்சி: கூட்டாக வாழ்ந்து, உழைத்து, சம்பளத்தைப் பொதுவில் போடுவது. இங்கே விதவைப் படி கிடையாது. உறுப்பினர்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் 1942 ஜூலையில் யூதப் போர் அமைப்பைத் தொடங்கியவர்கள் ஹஷோமெர், ட்ரோர், அகிவா இயக்கத்து இளைஞர்களே. ஒருவரையொருவர் முன்பே அறிந்த சிறு குழுக்கள், குடும்பப் பொறுப்பில்லாத வயது, போலிக் காகிதங்களோடு ஊர்விட்டு ஊர் போன தூதுப் பெண்கள் எல்லாம் கைவசம் இருந்தன. 1943 ஏப்ரல் எழுச்சியில் அதன் 22 படைக்குழுக்கள் இயக்கம், கட்சி வாரியாகவே பிரிந்து நின்றன. தலைவர் மொர்தெகாய் அனியெலெவிச் ஹஷோமெர்காரர். பெத்தார்காரர்கள் அப்போதும் தனி அமைப்பாகவே போரிட்டார்கள்.

அன்புடன்