பழைய வண்டி, பிளக் ஒயர்: வாசகர் கேள்விகள்

மழை ஆரம்பித்ததும் எங்களுக்கு வரும் கடிதங்களில் பழைய பைக் வைத்திருப்பவர்களின் கைதான் ஓங்கியிருக்கும். இந்த முறை பிளக் ஒயர் (ஸ்பார்க் பிளக்குக்கு உயரழுத்தக் கரண்டைக் கொண்டுபோகும் ஒயர்), பிளக் கேப் (அந்த ஒயரின் முனையில் பிளக்கைக் கவ்வும் மூடி) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (சிதம்பரம் வாசகர்): என்னுடையது பாயின்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் 350. வெயிலில் ஒரு குறையும் இல்லை. மழையில் நனைந்தாலோ, தண்ணீர் அடித்துக் கழுவினாலோ எத்தனை முறை கிக்கரை மிதித்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. மெக்கானிக் பிளக் ஒயர் முழுக்க டேப் சுற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் ஓடியது. இப்போது மறுபடி அதே தொல்லை.

பதில்: டேப்பை முதலில் பிரித்து எடுங்கள். கடையில் விற்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் வீட்டு ஒயரிங்குக்காகச் செய்தது. அது தாங்குவது 600 வோல்ட். பிளக் ஒயரில் போவது 10,000, 15,000 வோல்ட், சில சமயம் அதற்கும் மேல். போதாக்குறைக்கு என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, இடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கரண்ட் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இருட்டியபின் விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்க வைத்திருப்போமே, அந்த ஸ்பிரே பாட்டிலால் ஒயர் மேலும் கேப் மேலும் பனி மாதிரி லேசாக அடியுங்கள். ஒழுகும் இடத்தில் நீல நூல் போல ஒரு பொறி ஃபிரேமுக்கோ சிலிண்டர் பட்டைக்கோ தாவும். 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். அப்போது ஒயரைக் கையால் தொடவே கூடாது. டேங்க், கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

ஒயரின் நடுப்பகுதியில் ஒழுகுவது குறைவு. கேப்புக்குள் ஒயர் நுழையும் வாய், கேப்பின் அடி ரப்பர், காயில் (கரண்டை உயரழுத்தமாக்கும் பாகம்) பக்கத்து ரப்பர் மூடி, இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் பொறி தெரியும். ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் ஒயரைக் கவ்வாது. தண்ணீர் இடுக்கு வழியே உள்ளே போகும், கரண்ட் அதே தண்ணீர் வழியே வெளியே வரும். ஒயரை விரலில் வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை போலக் கீறல்கள் விரிந்தால் ஒயர், கேப், இரண்டு ரப்பர் மூடி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரப்பரைத் திருப்பிப் போட்டால் அடுத்த மழையில் மறுபடி நிற்பீர்கள்.

கேள்வி (தாராபுரம் வாசகர்): புல்லட் மிஸ் அடிக்கிறது. கோளாறு பாயின்ட்டிலா, ஒயரிலா என்று வீட்டிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரே சொல்லிவிடும். சாவியைப் போட்டு, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். இப்படி முள் போய்ப் போய் வந்தால் பேட்டரி, சாவி, காயிலின் முதல் சுற்று (குறைந்த வோல்ட் சுற்று), பாயின்ட் வரை கரண்ட் ஒழுங்காகப் போய் வருகிறது. அதன் பிறகும் ஸ்பார்க் மோசமாக இருந்தால் மிச்சம் கண்டென்சர் (பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பெரிதாகத் தாவாமல் தடுக்கும் பாகம்), காயிலின் உயரழுத்தச் சுற்று, ஒயர், கேப், பிளக். முள் அசையவே இல்லையென்றால் ஒயரில் கை வைக்காதீர்கள். பாயின்ட் கரிந்திருக்கிறதா, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். முள் மைனஸ் பக்கமே நின்றுவிட்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது அதன் ஒயர் எங்கோ எர்த் ஆகிறது.

புல்லட்டில் பாயின்ட் இருக்கும் பெட்டியை டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொல்கிறோம். ஆனால் காரில் போல உயரழுத்தக் கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை. காயிலிலிருந்து ஒரே ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகிறது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதனால் பாதியாகக் குறைகிறது.

கேள்வி (விருதுநகர் வாசகர்): பிளக் ஒயரை நானே மாற்ற நினைக்கிறேன். என்ன வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும்?

பதில்: 7 மி.மீ. தடிமன், உள்ளே செப்புக் கம்பி இழைகள் உள்ள ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். காருக்கு வரும் கார்பன் ஒயர் வேண்டாம். பைக் கேப்புக்குள் மர ஸ்குரூ மாதிரி ஒரு முனை இருக்கும். அது செப்பு இழைகளுக்கு நடுவே இறங்கித்தான் பிடிக்கிறது. கார்பன் நூலில் ஏறினால் நூலைக் கிழித்துவிடும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு உள்ளேயே பொறி தாவித் தாவிக் கரிந்துபோகும். கூடவே ஒரு 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேப் (உள்ளே மின்தடை உள்ள கேப்), காயில் பக்கத்து ரப்பர் மூடி, ஒரு சின்னக் குழாய் சிலிகான் கிரீஸ்.

சாவியை எடுத்துவிடுங்கள். பிளக்கிலிருந்து கழற்றும்போது கேப்பைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்பை இடப்பக்கம் திருகினால் ஒயரிலிருந்து வந்துவிடும். வெட்டுமுனையைப் பாருங்கள். செப்பு பளபளவென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறியோ கறுத்தோ இருந்தால், புது ஒயர் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். முனையிலிருந்து 6, 7 மி.மீ. வெட்டிவிட்டு, நல்ல செப்பு தெரிந்தால் கேப்பை மறுபடி திருகி ஓட்டிப் பாருங்கள். ஒயரின் மேல்தோல் நன்றாக இருக்கும் வண்டிகளில் இதுவே போதும். ஒரு ரூபாய் செலவில்லை. வெட்டிய பிறகும் ஒயர் இழுபடாமல் நீளம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புது ஒயர் போடுவதானால் பழையதை அளந்து, 2 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். கூர்மையான பிளேடால் நேராக வெட்ட வேண்டும். மழுங்கிய கட்டிங் பிளேயர் ஒயரை நசுக்கிச் செப்பு இழைகளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பிறகு ஸ்குரூ நடுவில் இறங்காது. மேல்தோலைச் சீவ வேண்டாம். கேப்பைத் திருகும் முன் ரப்பர் மூடிகளை ஒயரில் கோத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு மறுபடி கழற்றாதவர்கள் குறைவு. கேப்பை வலப்பக்கம் அழுத்தித் திருகுங்கள். முதலில் தளர்வாகச் சுற்றும், பிறகு ஸ்குரூ செப்பில் கடிப்பது கையில் தெரியும். இறுக்கமானதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருகினால் இழைகள் அறுந்து, பிடித்த பிடியும் போய்விடும்.

காயிலின் வாயைக் கொஞ்சம் பொறுமையாகச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே வெள்ளைப் பொடியோ களிம்போ இருந்தால், மெல்லிய உப்புத்தாளைப் பென்சில் கனத்துக்குச் சுருட்டி உள்ளே விட்டுத் திருப்பி, ஊதித் துடைத்துவிடுங்கள். அடியில் ஸ்குரூ இருக்கும் காயிலில் ஒயரை அழுத்தித் திருக வேண்டும். தள்ளிச் செருகும் வகை என்றால் முனையில் பித்தளைக் குப்பி போட்டு, பிளேயரால் நசுக்கி, அடி வரை தள்ளுங்கள். பாதியில் நின்றால் அந்த இடைவெளியில் பொறி தாவிக் காயிலின் வாயையே கரித்துவிடும். சிலிகான் கிரீஸை ரப்பரின் உள்விளிம்பில் மட்டும் லேசாகத் தடவுங்கள். உலோகத்தில் வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரைக் கிலோ ஓமில் வைத்து, ஒரு முனையை ஒயரின் காயில் பக்கத்திலும் மறுமுனையைக் கேப்புக்குள் இருக்கும் உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். 5 கிலோ ஓமை ஒட்டி வர வேண்டும். அப்படியே கேப்பைப் பிடித்து ஆட்டுங்கள். எண் குதித்தால் ஸ்குரூ சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒயரைச் சிலிண்டர் தலையையும் டேங்கின் அடிவிளிம்பையும் உரசாமல் கொண்டுபோங்கள். கேபிள் டை போட்டால் ஒயர் நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். அதிர்வில் உரசினால் புது ஒயரும் ஒரு வருடத்தில் தோல் கிழியும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். ஒயர் காயிலோடு சேர்த்து வார்த்த மாதிரி இருக்கிறது, கழற்ற வரவில்லை. ஒயரில் வெடிப்பு. என்ன செய்வது?

பதில்: அந்த ஒயர் கழற்றுவதற்காகச் செய்ததில்லை. இழுத்தால் காயிலுக்குள் இணைப்பு அறுந்து காயிலே வீணாகும். வெடிப்பு கேப்பை ஒட்டி இருந்தால் அதுவரை வெட்டிவிட்டு, மிச்ச நீளம் போதுமானால் புதுக் கேப் போடுங்கள். நடுவில் இருந்தால் காயிலை மாற்றுவதே சரி.

உடனே கிடைக்காவிட்டால், காயில் பக்கம் நல்ல ஒயர் 3 செ.மீ.யாவது இருக்கும் பட்சத்தில், இரு பக்கமும் ஸ்குரூ முனை உள்ள பித்தளை இணைப்பால் புது ஒயரைச் சேர்க்கலாம். அதன் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை இரண்டு அடுக்காக, இணைப்புக்கு இருபுறமும் 3 செ.மீ. தாண்டும்படி போட்டுச் சுருக்குங்கள். ஈயம் வைத்துப் பற்ற வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும், அந்த விளிம்பிலேயே அதிர்வில் ஒடியும். இது வண்டியை வீடு சேர்க்கும் வழி மட்டும்தான்.

இன்னொன்று: இது சி.டி.ஐ. (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) வண்டி. கேப்பைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக் அடிக்காதீர்கள். தாவ இடம் கிடைக்காத கரண்ட் காயிலுக்குள்ளேயே வழி தேடி அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஸ்பார்க் பார்ப்பதானால் பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு என்ஜினில் அழுந்தித் தொடும்படி வைத்து, பிளக் துவாரத்தைவிட்டுத் தள்ளிப் பாருங்கள். துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும்.

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகர்): காலையில் நன்றாக ஓடுகிறது. 15, 20 கி.மீ. போனதும் திணறி நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. பிளக் ஒயரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பதில்: மூன்றாவது முறை மாற்றாதீர்கள். சூடேறி நின்று, ஆறினால் ஓடுவது காயில் அல்லது கண்டென்சரின் குணம். நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது, கரண்ட் பக்கம் போகவே வேண்டாம். அது இல்லையென்றால் பாயின்ட் மூடியைத் திறந்து, கிக் அடிக்கும்போது பாருங்கள். பாயின்ட் வாயில் பெரிய நீலப் பொறி பளிச்சிட்டால் கண்டென்சர் போய்விட்டது. அங்கே பொறி சின்னதாக இருந்து, பிளக்கிலும் மஞ்சளாகச் சோம்பிய பொறி வந்தால் காயில்.

கேள்வி (கம்பம் வாசகர்): ரெசிஸ்டர் கேப், ரெசிஸ்டர் பிளக் இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: பழைய வண்டிக்கு ஒன்று போதும். கேப்பில் 5, பிளக்கில் 5 என்று 10 கிலோ ஓம் ஆகிவிட்டால், ஏற்கெனவே பலவீனமான 6 வோல்ட் காயில் உள்ள வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். என்.ஜி.கே. பிளக் எண்ணில் 'ஆர்' எழுத்து இருந்தாலும், பாஷில் (முன்பு மைக்கோ) 'டபிள்யூ ஆர்' என்று தொடங்கினாலும் அது ரெசிஸ்டர் பிளக். பிளக் தலையில் திருகிக் கழற்றும் சின்ன நட்டையும் கவனியுங்கள். சில கேப் நட்டோடு மாட்டும், சில கேப்புக்கு நட்டைக் கழற்ற வேண்டும். 'கிளிக்' என்று உட்காராமல் லொடலொடத்தால் இதுதான் காரணம்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): ராஜ்தூத் 350, இரட்டை சிலிண்டர். இடது சைலன்சர் சூடே ஆவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயின்ட், தனிக் கண்டென்சர், தனிக் காயில். அதனால் காசு செலவழிக்கும் முன் இடம் மாற்றிப் பார்க்கலாம். முதலில் இரண்டு பிளக்கையும் மாற்றிப் போடுங்கள். கோளாறு வலது பக்கம் போனால் பிளக். போகவில்லையென்றால் இரண்டு கேப்பையும் ஒயரிலிருந்து கழற்றி இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் பாயின்ட்டிலிருந்து காயிலுக்கு வரும் இரண்டு ஒயர்களையும் காயிலில் மாற்றி மாட்டி, அதோடு பிளக் ஒயர்களையும் எதிரெதிர்ப் பிளக்குக்குக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்பார்க் தவறான நேரத்தில் விழும். இப்போது வலது சைலன்சர் குளிர்ந்தால் காயிலோ அதன் பிளக் ஒயரோதான். இடதே குளிர்ந்திருந்தால் இடது பாயின்ட், கண்டென்சரைப் பாருங்கள். அவையும் நன்றாக இருந்தால் அந்தப் பக்கக் கார்புரேட்டரைக் கழற்றலாம். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று கழற்றும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் நிறத்தோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.