லூப்புக்கு ரேக் வாங்குவதற்கு முன்னால்

கிடார் ஆம்ப் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஐந்துமே ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பைப் பற்றியவை. ஒலியை வெளியே ஓர் எஃபெக்ட் கருவிக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் இரண்டு ஜாக்குகள்தான் லூப். சில கம்பெனிகள் அவற்றுக்கு சென்ட், ரிட்டர்ன் என்று பெயர் போடும். ஃபெண்டர் போன்றவர்கள் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று எழுதுவார்கள். வேலை ஒன்றுதான்.

கேள்வி: என்னிடம் ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் இருக்கிறது. மெல்லிசைக் குழுவிலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிக்கிறேன். டிலே (எதிரொலி) பெடலை ஆம்ப்புக்கு முன்னால் போட்டால், ஒலியைக் கரகரப்பாக்கும் ட்ரைவ் சேனலில் எல்லாம் குழம்பிக் கேட்கிறது. லூப்பில் ரேக் (பெட்டிச் சட்டத்தில் திருகி வைக்கும் எஃபெக்ட் யூனிட்) போடச் சொல்கிறார்கள். ஒரு நண்பர் பழைய யமஹா எஸ்பிஎக்ஸ்90 தருகிறார், இன்னொருவரிடம் டிசி எலக்ட்ரானிக் ஜி-மேஜர் இருக்கிறது. எனக்கு டிலே, கோரஸ், ரிவெர்ப் மூன்றும் வேண்டும். எதை வாங்கலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: குழப்பம் ஏன் வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். டிலே முன்னால் இருந்தால், நீங்கள் மீட்டிய சுரமும் அதன் எதிரொலிகளும் ஒன்றாகக் கலந்து ட்ரைவுக்குள் போகின்றன. ட்ரைவ் அந்தக் கலவையை மொத்தமாக நசுக்குவதால், மெல்ல அடங்க வேண்டிய எதிரொலிகூட உரத்துக் கேட்கும். லூப் இருப்பது ட்ரைவை உண்டாக்கும் ப்ரீஆம்ப்புக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில். அங்கே போட்டால் ட்ரைவ் ஆகி முடிந்த ஒலிக்கு டிலே சேரும், எதிரொலி தெளிவாக விழும். உங்களுக்குச் சொன்ன யோசனை சரிதான்.

எந்த ரேக் என்பது அடுத்த கேள்வி. எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், உங்கள் லூப்பிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரேக் யூனிட்டுகள் ஸ்டுடியோவுக்காகப் பிறந்தவை. அவை எதிர்பார்ப்பது லைன் லெவல், அதாவது +4 டிபியு, ஏறக்குறைய 1.23 வோல்ட். வீட்டு ஆடியோ கருவிகளின் அளவு -10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். தரையில் வைக்கும் பெடல் கிடாரிலிருந்து நேராக வரும் சின்ன சிக்னலை நம்பிச் செய்யப்பட்டது. லூப் பெரிய சிக்னலை அனுப்பி, யூனிட் சின்னதை எதிர்பார்த்தால் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒலி கிழியும். மாறிப்போனால் இரைச்சல் மேலே வரும், ஒலி ஒல்லியாகிவிடும். நல்ல யூனிட்டை வாங்கிவிட்டு "இது சத்தமே சரியில்லை" என்று பாதி விலைக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் லெவல்தான் காரணம்.

உங்கள் ஆம்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஹாட் ராட் டீலக்ஸில் லூப்புக்குப் பிறகு வால்யூம் திருகு கிடையாது. க்ளீன் சேனலின் வால்யூமும் ட்ரைவ் சேனலின் மாஸ்டரும் லூப்புக்கு முன்னாலேயே இருக்கின்றன. ஆகவே ஆம்ப்பை உயர்த்த உயர்த்த ரேக்குக்குப் போகும் சிக்னலும் வளரும். வீட்டில் குறைந்த சத்தத்தில் லெவலைச் சரிசெய்துவிட்டு மேடைக்குப் போனால் அங்கே மீட்டர் சிவப்பில் நிற்கும். அதனால் மேடையில் வைக்கும் சத்தத்திலேயே சரிபார்க்க வேண்டும். பலமாக ஒரு கார்டு அடித்தால் யூனிட்டின் இன்புட் மீட்டர் சிவப்பைத் தொடாமல் அதன் அருகே வந்துபோக வேண்டும். அப்புறம் பைபாஸை அழுத்தி அழுத்திப் பாருங்கள். எஃபெக்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தச் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு இரண்டையும் பார்ப்போம். எஸ்பிஎக்ஸ்90 1980களின் நடுவில் வந்தது. உள்ளே போவது மோனோ, வெளியே வருவது ஸ்டீரியோ. அதன் அலைவரிசை 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்று சிலர் குறை சொல்வார்கள். கிடாருக்கு அது குறையே இல்லை. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கிவிடும். செலஸ்டியன் க்ரீன்பேக் ஸ்பீக்கருக்கு அந்தக் கம்பெனியே கொடுத்திருக்கும் எல்லை 75 முதல் 5000 ஹெர்ட்ஸ். அந்த வயதான யூனிட்டின் 'சிம்ஃபொனிக்' ப்ரீசெட்டை (முன்பே சேமித்து வைத்த அமைப்பை) கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கோரஸுக்கு இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு ப்ரோக்ராமைத்தான் ஓட்டும். கோரஸ் வைத்தால் டிலே இல்லை, டிலே வைத்தால் கோரஸ் இல்லை. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பதால் இது பொருந்தாது.

ஜி-மேஜர் கிடார்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மூன்று எஃபெக்ட்டும் ஒரே ப்ரீசெட்டில் ஓடும். எனவே என் ஓட்டு ஜி-மேஜருக்கு. ஒன்றை மட்டும் நேரில் சோதியுங்கள்: எதிரொலி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ப்ரீசெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பல ரேக் யூனிட்டுகள் அந்த நொடியில் வாயை மூடிக்கொண்டு பிறகு திறக்கும். பாட்டு ஓடும்போது மாற்றுகிறவருக்கு அந்த இடைவெளி பெரிய தொந்தரவு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் மாற்றுவீர்களானால் கவலையில்லை.

உங்கள் ஆம்ப்பில் ஸ்ப்ரிங் ரிவெர்ப் இருக்கிறது. ரேக்கில் ஹால் ரிவெர்ப் போடும்போது அதைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உங்கள் ஆம்ப் மோனோ என்பதால் யூனிட்டின் இடது அவுட்புட் ஒன்றே போதும். ஸ்டீரியோ பிங்-பாங் டிலேக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அப்புறம், ரேக் உங்கள் காலடியில் இருக்காது. ப்ரீசெட் மாற்ற, காலால் அழுத்திக் கட்டளை அனுப்பும் மிடி ஃபுட்கன்ட்ரோலரும் நீளமான 5-பின் மிடி கேபிளும் வேண்டும். இவற்றின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். இதை மறந்துவிட்டு, யூனிட்டை ஆம்ப் மேல் வைத்துக் கையால் திருகியபடி கச்சேரி முழுவதும் தவித்த ஒரு கிடாரிஸ்டுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன்.

கேள்வி: மேசா பூகி டூயல் ரெக்டிஃபையர் ஆம்ப்பின் லூப்பில் ஒரு டிஜிட்டல் ரேக் போட்டேன். போட்டதும் டிஸ்டார்ஷன் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. யூனிட் பழுதா? (சென்னை வாசகர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ரெக்டிஃபையரின் பழைய மாடல்களில் லூப் பேரலல் வகை. லூப்புக்கென்று ஒரு மிக்ஸ் திருகு இருந்தால் உங்களுடையதும் அதுதான். சீரிஸ் லூப்பில் சிக்னல் முழுவதும் யூனிட் வழியாகப் போய்வரும். பேரலல் லூப்பில் ஒரு பங்கு ஆம்ப்புக்குள்ளேயே நேராகப் போகும், இன்னொரு பங்கு யூனிட்டைச் சுற்றிவந்து அதோடு சேரும்.

டிஜிட்டல் யூனிட் ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்குவதற்குள் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் போய்விடும். யூனிட் எஃபெக்ட்டோடு சேர்த்து உங்கள் அசல் ஒலியையும் வெளியே விட்டால், ஒரே ஒலி இரண்டு தடவை, இம்மி தாமதத்தில், மோதிக்கொள்கிறது. தாமதம் 1 மில்லிசெகண்ட் என்றால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். அதன்பின் 1500, 2500 என்று வரிசையாக. 500 ஹெர்ட்ஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? முதல் கம்பியின் 7ஆம் ஃப்ரெட் ஏறக்குறைய அங்கேதான். கிடாரின் உயிர்நாடியில் பள்ளம் விழுந்தால் குழாய்ச் சத்தம் வராமல் என்ன செய்யும்!

யூனிட்டில் அசல் ஒலியை வெளியே விடாமல் நிறுத்தும் 'கில் ட்ரை' என்ற அமைப்பைத் தேடி ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் மிக்ஸை 100 சதவீதம் வெட் (எஃபெக்ட் ஒலி மட்டும்) என்று வையுங்கள். எஃபெக்ட்டின் அளவை ஆம்ப்பின் மிக்ஸ் திருகில் கூட்டிக் குறையுங்கள். பேரலல் லூப் உள்ளவர்கள் கில் ட்ரை இல்லாத யூனிட்டை வாங்கினால், ஒவ்வொரு ப்ரீசெட்டிலும் உட்கார்ந்து மிக்ஸை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்று சொல்ல வேண்டும்: கம்ப்ரெஸர், ஈக்வலைசர், ட்ரெமலோ மாதிரி ஒலி முழுவதையும் மாற்றுகிற எஃபெக்ட்டுகள் பேரலல் லூப்பில் சரியாக வேலை செய்யாது. டிலே, ரிவெர்ப் இரண்டுக்கும் அது அருமையான இடம்.

கேள்வி: ரேக்கை லூப்பில் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று உறுமல் வருகிறது. ரேக்கின் ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார் சவுண்ட் சர்வீஸ்காரர். செய்யலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். டியூப் ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. உங்கள் விரல்கள் கிடார் கம்பியின் மேல், உதடு மைக்கின் மேல். நடுவில் ஏதாவது கசிந்தால் அதைத் தரைக்குக் கொண்டுபோகிற ஒரே பாதை அந்த எர்த். ரேக்கில்தானே எடுக்கிறோம், ஆம்ப்பில் இல்லையே என்று தோன்றும். இரண்டும் கேபிளால் கட்டப்பட்டவை. ரேக்கில் கசிவு வந்தால் அது ஆம்ப் வழியாக உங்கள் கைக்கு வரக்கூடும்.

உறுமலுக்குக் காரணம், ஆம்ப்பும் ரேக்கும் தனித்தனியாக எர்த் ஆகி, ஆடியோ கேபிளின் எர்த்தோடு சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவது. முதலில் இரண்டையும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே அடங்கிவிடும். ரேக்கைப் பெட்டியில் திருகியிருந்தால் வெளியே எடுத்து மரப்பலகைமேல் வைத்துக் கேளுங்கள். உறுமல் போனால், பெட்டியின் இரும்புச் சட்டம் வழியாக இன்னொரு கருவியோடு எர்த் சேர்ந்திருக்கிறது. திருகுகளுக்கு நைலான் வாஷர் போட்டால் தீரும். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் சென்ட், ரிட்டர்ன் கேபிள்கள் இரண்டிலும் 1:1 ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஒலி காந்தம் வழியாகத் தாண்டிப் போகும், எர்த் வளையம் அங்கே அறுந்துவிடும். மின்சார எர்த் அப்படியே பத்திரமாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மாமா ஒரு அலெசிஸ் குவாட்ராவெர்ப் ரேக் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: அப்படியே போட்டால் அடாப்டர் புகைந்துவிடும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. குவாட்ராவெர்ப்புக்கு வெளி அடாப்டர் என்பதால் உங்கள் வேலை எளிது, அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கவனம்: அதற்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. கடையில் 9 வோல்ட் என்று கேட்டால் பழக்கத்தில் டிசி அடாப்டரைத்தான் எடுத்துத் தருவார்கள். நானே ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டேன். பழைய யூனிட் ஒன்றை வாங்கி வந்தேன், விற்றவர் கொடுத்த டிசி அடாப்டரைச் சொருகினேன், உயிரே இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்து ஒரு வாரம் காத்திருந்த பிறகுதான், யூனிட்டில் ஒரு குறையும் இல்லை, அடாப்டர்தான் தவறு என்று தெரிந்தது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் 230-க்கு 9 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு வாங்கலாம். யூனிட்டின் பின்னால் போட்டிருக்கும் மின்னளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே பவர் சப்ளை உள்ள ரேக் என்றால் பின்பக்கம் 100-240 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வயரை மட்டும் மாற்றலாம். 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஹேர் ட்ரையருக்கென்று விற்கும் எடையில்லாத பயணக் கன்வெர்டர் இதற்கு ஆகாது. ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட், அதற்கு 120-ஐயும் கொடுக்கக்கூடாது.

பழைய ரேக்குகளில் ப்ரீசெட்டுகளை நினைவில் வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. மாமாவிடம் சொல்லி, ஒரு ப்ரீசெட்டை மாற்றிச் சேமித்து, அணைத்து, மறுநாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறந்துபோயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிலவற்றில் அது போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். மாற்ற முடியும், விலையில் அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: என் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பில் லூப்பே இல்லை. ரேக் வாங்குவது வீணா? (பெங்களூரு வாசகர்)

பதில்: ட்வினை க்ளீனாக வைத்துத்தானே வாசிக்கிறீர்கள்? அப்படியானால் எதிரொலியை நசுக்க உள்ளே ட்ரைவ் கிடையாது, முன்னாலேயே போடலாம். ட்ரைவ் பெடல் இருந்தால் அதற்குப் பின்னால், ஆம்ப்புக்கு முன்னால் வையுங்கள். கிடார் லெவலை ஏற்கும் இன்புட் இருக்கிற யூனிட்டாக வாங்குங்கள். லைன் லெவல் மட்டும் ஏற்பது என்றால் முன்னால் சிக்னலை உயர்த்தும் ஒரு பூஸ்டர் பெடல் தேவைப்படும். லூப்புக்காக ஆம்ப்பைத் திறந்து துளை போட வேண்டாம்.