திங்கக்கிழமை ஏறினா புதன்கிழமை இறங்குறதா?

கேள்வி: டிசம்பர்ல பையன் வீட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ போறோம், கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறணும். டிக்கெட்டப் பாத்தா ஒரே கொழப்பம். சிங்கப்பூர்ல காலைல 9 மணிக்கு ஏறி அதே தேதி காலைல 8 மணிக்கு இறங்குவோமாம், ஏறுறதுக்கு முன்னாடியே எப்படிங்க இறங்க முடியும்? அதுவும் போக 15 மணி நேரம், வர 17 மணி நேரமாம். தூரம் ஒண்ணுதானே? வீட்டுக்காரர் பூமி சுத்துறதாலதான்னு அடிச்சு சொல்றார்.
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: டிக்கெட் சரிதாம்மா, வீட்டுக்காரர் சொல்றதுதான் சரியில்ல (பயணம் முடியறவரை இத அவர்கிட்ட காட்ட வேண்டாம்). பூமி சுத்துறப்ப காத்தும் கூடவேதான் சுத்துது, ஓடுற பஸ்ல கடலைய தூக்கிப் போட்டா நம்ம கைக்கேதான வருது, பின்சீட்டுக்காரர் மேலயா விழுது?

ஒரே தூரத்துக்கு ரெண்டு நேரம்ங்கறது உங்களுக்குப் புதுசா என்ன? மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு நம்ம மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்குது, இறங்குறப்ப மூணரை மணி நேரத்துல வந்துடுது. அங்க ஏத்தம், இங்க எதிர்காத்து, அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் உசரத்துல மேற்கிலிருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்தாறு ஓடுது, பசிபிக் மேல குளிர்காலத்துல ரொம்ப பலமா இருக்கும், சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரயும் தாண்டும். சிங்கப்பூர்-சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கிலோமீட்டர், அந்தக் காத்து முதுகுல தள்ளினா சராசரி 900 சொச்ச வேகத்துல 15 மணி நேரம், மூஞ்சில அடிச்சா 800தான் வரும், 17 மணி நேரம். சமயத்துல காத்துக்குப் பயந்து கொஞ்சம் சுத்தி வேற வருவாங்க.

சீட்டுக்கு முன்னாடி மேப்ல ஃப்ளைட் ஜப்பான் பக்கமா வளைஞ்சு போறதப் பாத்து பதறாதீங்க. ஸ்கூல் பசங்களோட உருண்டை மேப்ல ஒரு நூல இழுத்துப் புடிச்சுப் பாருங்க, அதுதான் குறுக்கு வழி. தட்டையான மேப்ல நேர்கோடு போட்டா ஹவாய் பக்கம் போகும், அது சுத்து வழி.

அந்த 9 மணி, 8 மணி கதை: டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோ சிங்கப்பூருக்கு 16 மணி நேரம் பின்னாடி. நீங்க இறங்குறப்ப சிங்கப்பூர்ல நடுராத்திரி 12, அதுல 16 கழிச்சா அதே நாள் காலை 8. நடுவுல பசிபிக்ல தேதிக்கோட்டத் தாண்டுறீங்க, அது கிழக்கால தாண்டினா தேதி ஒரு நாள் பின்னாடி போற கற்பனைக் கோடு. இதுக்கு வட்டியெல்லாம் இல்ல, ஆனா அசல திரும்பி வர்றப்ப கட்டணும், அங்க திங்கக்கிழமை ராத்திரி 11க்கு ஏறினா சிங்கப்பூர்ல புதன்கிழமை காலை 8க்கு இறங்குவீங்க, செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கறவங்களா இருந்தா அந்த வாரம் தப்பிச்சீங்க.

இன்னொண்ணு, கேக்கலேன்னாலும் சொல்றேன். ஃப்ளைட் உள்ள காத்தழுத்தத்த ஆறாயிரத்துல இருந்து எட்டாயிரம் அடி உசரத்துல இருக்கற மாதிரிதான் வெச்சிருப்பாங்க, குன்னூரே ஆறாயிரம் அடிதானே, சமவெளிக்காரங்கள விட உங்களுக்கு அது பழகின காத்து. ஆனா நம்ம ஊர் ஈரம் துளிகூட இருக்காது, தொண்டை காயும், தண்ணி கேட்டு வாங்கிக் குடிங்க, அப்பப்ப எழுந்து நடங்க. டிசம்பர்ல மழை பெஞ்சா மேட்டுப்பாளையம் ரோட்டுல எப்ப மண்ணு சரியும்னு யாருக்கும் தெரியாது, அதனால முந்தின நாளே கீழ இறங்கிடுங்க.