வழுக்கும் பலகையில் பெயின்ட் நிற்குமா?

கேள்வி: ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே பூட்டிய ஆறடிப் புத்தக அலமாரி எங்களிடம் இருக்கிறது. அதன் பழுப்பு நிறம் அலுத்துவிட்டது, வெள்ளையாக்க ஆசை. சுவருக்கு அடித்த எமல்ஷன் மீதம் இருந்ததால் ஒரு தட்டில் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகு நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: சுவர் எமல்ஷன் பட்டி, சிமென்ட் பூச்சு போன்ற உறிஞ்சும் பரப்புக்காகச் செய்தது. உங்கள் அலமாரியின் மேல்பரப்பு எதையும் உறிஞ்சாது. உள்ளே இருப்பது மரச்சீவலைப் பசையோடு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. அதன்மேல் மர ரேகை அச்சிட்ட தாளை மெலமைன் பிசினில் ஊறவைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். பிளைவுட் கடைகளில் இதை ‘ப்ரீலாம்’ என்பார்கள். உடையாத சாப்பாட்டுத் தட்டு செய்வதும் இதே மெலமைனில்தான். அந்தத் தட்டின்மேல் பெயின்ட் எப்படி ஒட்டும் என்று யோசித்தால் உங்கள் சிக்கல் புரிந்துவிடும். ஆகவே நீங்கள் காசையும் கவனத்தையும் போட வேண்டியது முதலில் பிரைமரில், பிறகுதான் பெயின்டில்.

அலமாரியை முழுவதும் பிரிக்க வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பார்ட்டிகிள் போர்டில் பிடிப்பு குறையும். நகரும் தட்டுகள், கதவு, கைப்பிடி இவற்றை மட்டும் எடுத்துவிட்டு, எது எங்கே இருந்தது என்று மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிவையுங்கள். எமல்ஷன் அடித்த தட்டில் அதை முழுவதும் உரித்துவிடுங்கள். அதன்மேல் எவ்வளவு நல்ல பிரைமர் அடித்தாலும் எமல்ஷனோடு சேர்ந்து கழன்று வரும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில துளி விட்ட தண்ணீரில் துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, காய்ந்ததும் டீநேச்சர்டு ஸ்பிரிட். அதற்கடுத்து 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை மட்டும் தேய்க்க வேண்டும். 80, 100 எண் தாள்களைத் தொடாதீர்கள். மெலமைன் தாள் கிழிந்து சீவல் வெளியே தெரிந்தால் அந்த இடம் தண்ணீரைக் குடித்து உப்பும். தெரியாமல் கிழிந்துவிட்டால் அங்கே முதலில் ஆயில் பிரைமரை மெல்லியதாகத் தொட்டுக் காயவிட்டு, 320 தாளால் மட்டம் செய்யுங்கள்.

கடையில் ‘வுட் பிரைமர்’ என்று மட்டும் கேட்டால் பூச்சில்லாத வெறும் மரத்துக்கான சாதாரண பிரைமரைத்தான் தருவார்கள். அது மரத்துளைகளில் இறங்கிப் பிடிப்பது, இங்கே துளையே இல்லை. லேமினேட், மெலமைன் மேல் பிடிக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பிரைமரைக் கேளுங்கள். அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் பிரைமரும் பிடிக்கும். ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பியு (பாலியூரித்தேன்) பிரைமரும் நல்லது. ஆனால் அதைக் கலந்தபின் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் கெட்டியாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண ஆயில் பிரைமர் மேல் பியு அல்லது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் அதன் காட்டமான தின்னர் கீழ்ப்பூச்சைக் கரைத்துச் சுருக்கிவிடும். உப்புத்தாள் கிழித்த இடத்தில் ஆயில் பிரைமர் தொட்டிருந்தால் மேலே அடிப்பது எனாமலாகவே இருக்கட்டும்.

முழு அலமாரிக்கும் அடிக்கும் முன் ஒரு தட்டின் அடிப்புறத்தில் பிரைமர் பூசி இரண்டு நாள் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வராவிட்டால் தொடரலாம். வந்தால் பிரைமரையோ, தேய்த்த விதத்தையோ மாற்ற வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஆறடி அலமாரியையும் அடித்துப் பிறகு வருந்தாதீர்கள்.

வெள்ளைக்கு வாட்டர்பேஸ்டு எனாமல் வாங்குங்கள். ஆயில் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத மூடிய அலமாரிக்குள் மஞ்சளாகும். நாலங்குல மைக்ரோஃபைபர் ரோலர் போதும், மூலைகளுக்கு ஒன்றரை அங்குல பிரஷ். ஸ்பாஞ்ச் ரோலர் குமிழி விடும். மெல்லியதாக இரண்டு கோட், நடுவில் 320 தாளால் ஒரு தடவல்.

அளவு: 180 செ.மீ. உயரம், 75 அகலம், 30 ஆழம், மேல் கீழ் சேர்த்து ஆறு தட்டு என்றால் உள்ளும் புறமுமாக ஏறக்குறைய 6 சதுர மீட்டர். லிட்டருக்கு ஒரு கோட்டில் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பிரைமர் 1 லிட்டர் தாராளம், எனாமல் ஒன்றரை லிட்டர்.

கேள்வி: நவம்பரில் ஷூ ரேக்குக்கு ஆயில் எனாமல் அடித்தோம். மறுநாள் தொட்டால் காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் கதவை மூடினோம். இப்போது திறந்தால் பெயின்ட் பிய்ந்து வருகிறது.
– வாசகர், பெரம்பூர்

பதில்: தொட்டால் ஒட்டாதது ஒரு நிலை, உள்வரை இறுகுவது இன்னொரு நிலை. ஆயில் எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக இறுகும். மேலே தோல் கட்டிவிட்டால் உள்ளே மெதுவாகத்தான் நடக்கும். தடிமனாக அடித்தால் இன்னும் தாமதம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னை ஈரத்தில் அது மேலும் இழுக்கும். நல்ல வெயில் காலத்திலேயே கனமான பொருள் வைக்கவும் கதவை இறுக மூடவும் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது.

இப்போது கதவுகளைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு வாரம் விடுங்கள். பிய்ந்த ஓரங்களை 220 தாளால் சரிவாகத் தேய்த்து, தேவையான இடத்தில் மட்டும் தொடுங்கள். கதவும் சட்டமும் உரசும் விளிம்பில் ஒரு கோட்டுக்கு மேல் வேண்டாம், கதவு இறுகிவிடும்.

நம் ஊரில் இந்த வேலைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மிக வசதி. மார்கழி, தை அதிகாலையில் பால்கனியில் அடித்தால் பனி இறங்கிப் பளபளப்பை மங்கவைக்கும், வெயில் ஏறிய பின் தொடங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறு. மதிய வெயிலில் பெயின்ட் பரவும் முன்பே இறுகி பிரஷ் கோடு நின்றுவிடும். நிழலில், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில் துணி அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டது. தேய்த்துச் சமன்செய்து பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உப்பிய பார்ட்டிகிள் போர்டு பழைய கனத்துக்குத் திரும்பாது. அழுத்திவைத்த சீவல் விரிந்து, பசையும் விட்டுவிட்டது. காய்ந்ததும் கெட்டியாகத் தோன்றினாலும் பாரம் தாங்காது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அதைத் தேய்த்துப் பெயின்டால் மூடுவது உங்கள் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

உப்பல் விளிம்பில் ஓரிரு செ.மீ. மட்டும் என்றால் முழுவதும் காயவிட்டு, உதிர்வதை உளியால் எடுத்து, எம்-சீல் போன்ற எபாக்சி புட்டியால் நிரப்பி, இறுகியபின் தேய்த்து பிரைமர் அடிக்கலாம். அடிப்பலகை முழுவதும் போயிருந்தால் அதே கனத்தில் பிளைவுட் வெட்டி வாங்கி மாற்றுங்கள். கனத்தைக் கேலிப்பரிலோ ஸ்கேலிலோ அளந்துகொண்டு போங்கள். 16, 18 மி.மீ. குழப்பத்தில், பலகைகளை இணைத்துப் பூட்டும் கேம் லாக் துளை இடம் மாறிவிடும். தரைக்கு அருகில் இருப்பதால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள், காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் ஐ.எஸ். 303 எம்ஆர் கிரேடு இந்த இடத்துக்குப் போதாது. வெட்டிய நான்கு விளிம்புகளுக்கும் அடிப்புறத்துக்கும் இரண்டு கோட் பிரைமர் கட்டாயம், தண்ணீர் ஏறும் வழி அதுதான். பிறகு அலமாரியைப் பிளாஸ்டிக் புஷ் மேல் இரண்டு அங்குலமாவது தூக்கி நிறுத்துங்கள். வீடு துடைக்கும் ஈரமே காலப்போக்கில் அடிவிளிம்பைக் கெடுக்கும்.

பலகையை மாற்றும்போது ஸ்க்ரூ துளை பெரிதாகியிருந்தால், ஃபெவிகால் தோய்த்த மூங்கில் குச்சிகளைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, ஒரு நாள் விட்டு, நீட்டியதை நறுக்கிவிட்டு மெல்லிய துளை போட்டு முடுக்குங்கள்.

கேள்வி: பூஜை அலமாரிக்குப் பெயின்ட் அடித்தால் அங்கங்கே வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி, அடி நிறம் தெரிகிறது.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: எண்ணெய்தான் காரணம். விளக்கில் ஊற்றும் எண்ணெயின் துளியும் புகைப்படிவும் பரப்பில் இருக்கும் வரை ஈரப்பெயின்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கும். பெயின்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். சிலிக்கான் கலந்த ஃபர்னிச்சர் பாலிஷும், டிரெஸ்ஸிங் டேபிளில் தேங்காய் எண்ணெயும் இதையே செய்யும்.

அடித்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுக்கலாம், காய்ந்திருந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். முதலில் டர்பன்டைன் தொட்ட துணி, பிறகு ஸ்பிரிட். ஒவ்வொரு முறையும் துணியைப் புதிதாக மடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயைப் பரப்புவதாகவே முடியும். துடைத்து முடித்தபின்தான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். டர்பன்டைன், எனாமல் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள். புதிதாக அடித்த பெயின்ட் இறுகும் இரண்டு வாரமும் விளக்கை வேறு இடத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: குழந்தையின் படிப்பு மேஜைக்கு எந்தப் பெயின்ட் ஆபத்தில்லாதது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அளவு அச்சிட்ட, மூடி திறக்காத புது டப்பாவாக, வாட்டர்பேஸ்டு எனாமலாக வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பா வேண்டாம். மேஜையே பழையது, முன்பு பெயின்ட் அடித்தது என்றால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, அந்தச் சேற்றைத் துடைத்தெடுங்கள். குழந்தை அப்போது பக்கத்து அறையில்கூட இருக்க வேண்டாம்.

கேள்வி: கிச்சன் கப்போர்டு கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் ஓரத்தில் விட்டுவிட்டது. ஒட்டிவிட்டு அதன்மேல் பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: அது பிவிசி படலம். அதிலுள்ள மென்மையாக்கும் ரசாயனம் பெயின்டுக்குள் ஏறி, மாதக்கணக்கில் பிசுபிசுக்க வைக்கும். ஹேர் டிரையரால் சூடாக்கி முழுவதும் உரித்துவிடுங்கள், அடியில் பெரும்பாலும் எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) இருக்கும். மிச்சப் பசையைச் சுரண்டி, 180 தாளால் தேய்த்து, ஆயில் பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். விளிம்பும் குடைந்த டிசைனும் அதிகம் குடிக்கும், அங்கே மட்டும் மூன்றாவது கோட். அடுப்பை ஒட்டிய கதவாக இருந்தால் படலம் விட்டது சூட்டினால்தான். கதவுக்கும் அடுப்புக்கும் இடைவெளி விடாமல் புதுப் பெயின்ட் அடித்தால் அதுவும் அங்கேயே வெடிக்கும்.